கல்லின் பெயர்க் காரணம்

என் தம்பி எவ்வளவு பெரிய ஆள் என்பது அவன் இறந்த பிறகுதான் அவனுடைய அலுவலகத்துக்குத் தெரிய வந்தது. உயிரோடு இருந்தவரை அவனைப் ‘பச்சை’ என்று கூப்பிட்டார்கள். இறந்த மறுநாள் ‘அறிஞர்’ ஆக்கினார்கள். இவ்வளவு வேகமான பதவி உயர்வு அந்த அலுவலகத்தில் வேறு யாருக்கும் கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். அப்பா அம்மா விட்டுப்போன மூன்றாவது மாடி வீடு. அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் செய்துகொண்டு திரும்பி வந்துவிட்டேன். வீடு முழுக்க அவன் கொண்டுவந்து சேர்த்த கல்தான்: ஜன்னல் கட்டையில் கல், பீரோவின் மேல் கல், குளியலறையில் சோப்பு வைக்கிற இடத்தில் கல். விருந்தாளி யாராவது வந்தால் முதலில் நாற்காலியிலிருந்து கல்லை எழுப்பிவிட்டுத்தான் அவர்களை உட்கார வைக்க வேண்டும். நல்லவேளை, விருந்தாளிகள் அதிகம் வந்ததில்லை. வந்தது மாமா ஒருவர்தான். அம்மாவின் தம்பி. அவர் கல்லை எழுப்பாமலே உட்கார்ந்துவிடுவார்.

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். மருந்துப் பெட்டிக்குள் பொடிப் பொடியாக அச்சடித்து மடித்து வைத்திருப்பார்களே, அந்தத் தாள்தான் என் பகுதி. யாருமே படிக்காத ஒன்றில் பிழை இல்லாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. தம்பியின் வேலையும் கிட்டத்தட்ட அதேதான். சுரங்க நிறுவனங்கள் பூமியைத் துளைத்து, கைத்தடி பருமனில் நீள நீளமாகக் கல் தண்டுகளை எடுத்து அனுப்பும். அவை பெட்டி பெட்டியாகக் கனிம ஆய்வு நிலையத்தின் நிலவறைக் கிடங்கில் கிடக்கும். அவற்றை உடைத்துப் பார்த்து, உள்ளே என்னென்ன கனிமம் இருக்கிறது என்று எழுத வேண்டும். பெரும்பாலும் இருப்பது, யாரோ எப்போதோ பெயர் வைத்து முடித்த ஏதோ ஒன்றாகத்தான் இருக்கும்.

ஒருநாள் ஒரு தண்டை உடைத்தபோது டார்ச் வெளிச்சத்தில் உள்ளே ஒரு பச்சைக் கோடு தெரிந்திருக்கிறது. நகக்கண் அகலம். அப்படி ஒரு பச்சையை அவன் பார்த்ததே இல்லை. கறுப்புத் துணியில் சுற்றிக்கொண்டு மாடி ஏறி, நிலையத்தின் தலைவர் அறைக்கு ஓடினான்.

தலைவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கனிம ஆய்வு நிலையத்தின் தலைவருக்குத் தூசி ஆகாது. ஆகவே அவர் கிடங்குக்குப் போவதில்லை. தம்பி ஒருமுறை சொன்னான்: “தலைவர்தான் அக்கா கல்லைத் தொட வேண்டியதே இல்லாத ஒரே ஆளு. அதனாலதான் அவர் தலைவர்.” யார் எதைக் கொண்டுபோனாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: “மேஜைல வச்சுட்டுப் போ. பாக்கறேன்.” மேஜை ஜன்னலை ஒட்டி இருந்தது. தம்பி துணியைப் பிரித்து வைத்துவிட்டு வந்தான். தலைவர் தொலைபேசியில் பேசி முடித்து, சாப்பிட்டு முடித்து, சாய்ந்து முடித்துப் பார்த்தபோது கோடு சாம்பல் நிறமாக இருந்தது.

“எங்கப்பா பச்சை?”

“காலைல இருந்துச்சு சார்.”

“காலைலன்னு பார்த்தா நானும்தான் சின்னப் பையனா இருந்தேன்.”

அறையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்களாம். தலைவரின் நகைச்சுவைக்குச் சிரிப்பது அங்கே பணி விதிகளில் எழுதாமல் விட்ட ஒரு விதி. சாயங்காலத்துக்குள் கேன்டீன்வரை அது போய்விட்டது. அன்றுமுதல் அவன் பச்சை. “பச்சை, இந்த டீ என்ன கலர்? சீக்கிரம் சொல்லு, நீ கண்ணை எடுத்தா மாறிடும்.” அவன் அதை வீட்டில் வந்து நடித்துக் காட்டுவான். நானும் சிரிப்பேன். நடித்துக் காட்டிவிட்டு வெகுநேரம் சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பான்.

மறுபடி மறுபடி கொண்டுபோனான். மறுபடி மறுபடி மேஜையில் வைக்கச் சொன்னார்கள். சில நாள் அறைக்குள்ளேயே விடவில்லை. வெளியே நடையில், கூரைக் கண்ணாடிக்கு நேர் கீழே போட்டிருக்கும் பெஞ்சில் காக்க வைத்தார்கள். கடைசியில் தம்பிக்கு விஷயம் பிடிபட்டது. அந்தக் கனிமம் இருட்டில் பச்சை. வெளிச்சம் பட்டால் அரை மணி நேரத்துக்குள் வெளுத்துவிடும். திரும்ப வராது. நிறம் போனது வெளிச்சத்தால் என்பது அறிவியல். காக்க வைத்ததால் என்பது என் அபிப்பிராயம்.

கல்லுக்குப் பெயர் வைப்பது பற்றி அவன் பேச ஆரம்பித்தால் சோறு ஆறிவிடும்.

“கல்லுக்குப் பேரு வச்சவங்க மாதிரி மனசுல வஞ்சம் வச்சுக்கிற ஆளுங்க உலகத்துல கிடையாது, அக்கா. அபடைட்டுன்னு ஒண்ணு. பார்க்க வேற கல்லு மாதிரியே இருக்கும். பார்த்தவன் ஏமாந்துட்டான். உடனே கிரேக்கத்துல ‘ஏமாத்து’ங்கற வார்த்தையை எடுத்து அதுக்கே பேரா வச்சுட்டான். ஸ்பேலரைட்டு, ஈயம் கிடைக்கும்னு நினைச்சா ஈயம் இல்ல. ‘நம்பாதே’ன்னு பேரு. ஃபெனகைட்டு, அதுவும் ‘ஏமாத்துக்காரன்’தான். கோபால்ட்டு, சுரங்கத்துல வேலை செஞ்சவங்க ஏதோ குட்டிச்சாத்தான் பண்ற வேலைன்னு நினைச்சு வச்சது.”

“ஏமாந்தது அவன். திட்டு கல்லுக்கா?”

“பின்ன? தன் மடத்தனத்துக்கா பேரு வைப்பான்? வாலுல ஓர் ‘ஐட்’டை ஒட்டிட்டா திட்டுகூட அறிவியல் ஆயிடும். இதுல தமாஷ் என்ன தெரியுமா, நம்ம பல்லு இருக்கே, அதுல இருக்கறதும் அபடைட் வகைதான். ஒவ்வொருத்தன் வாயிலயும் ரெண்டு வரிசை ஏமாத்து.”

“அப்ப உன் கல்லுக்கும் ஏமாத்துன்னே ஒரு பேரு வையேன். அதுதானே உன்னை ஏமாத்துச்சு.”

“கிரேக்கத்துல ஏமாத்துக்கு இருக்கற வார்த்தையெல்லாம் தீர்ந்துபோச்சு.” சோற்றைப் பிசைந்தான். “இது ஏமாத்தலக்கா. ஆளைப் பார்த்தா கூச்சப்படுது. அவ்வளவுதான்.”

அப்படி வந்ததுதான் ‘கூச்சைட்’. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“என்ன சிரிப்பு? அபடைட்டுன்னு கேட்டு எந்தக் கிரேக்கத்து அக்காவாவது சிரிச்சாளா?”

“சிரிச்சிருப்பா. அதையெல்லாம் எழுதி வச்சிருக்க மாட்டாங்க.”

“கிரேக்கத்துல சொன்னா பாடப் புத்தகம். நம்ம பாஷைல சொன்னா தமாஷ். நல்லா இருக்கு நியாயம்.” பிறகு சாதாரணமாகச் சொன்னான்: “பேரு என்ன வேணா இருக்கட்டும், அக்கா. அச்சாகற கட்டுரைல கண்டவர்னு ஒரு வரி போடுவாங்க. அதுல நான் இருக்கணும். நான் பொய் சொல்லலன்னு அந்தக் கேன்டீன் மொத்தமும் படிக்கணும். எனக்கு அது போதும்.”

தலைவரைக் கிடங்குக்கு இறக்கியது நுண்ணோக்கி அறையில் வேலை பார்த்த பெண். தம்பி அவளை ‘லென்ஸ்’ என்பான். அவள் அவனை அண்ணா என்பாள். பச்சையை நம்பிய ஒரே ஆள் அவள்தான். தலைவரிடம் போய், “சார், நீங்க சேர்ந்த புதுசுல சேகரிச்ச கல்லெல்லாம் கீழ ஈரத்துல ஊறிக்கிட்டு இருக்கு. உங்க பேரு எழுதின அட்டையெல்லாம் உதிருது” என்றாளாம். தூசி ஆகாத மனிதர் மூக்கில் கைக்குட்டையோடு படியில் ஓடி வந்தார். அவர் கண் முன்னாலேயே தம்பி ஒரு தண்டை உடைத்து டார்ச்சை அடித்தான்.

தலைவர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார். பிறகு கேட்டார்: “இதை ஏன்ப்பா இத்தனை நாள் என்கிட்ட சொல்லல?”

அன்றுமுதல் ‘உன் கல்’ என்பது ‘நம்ம கல்’ ஆயிற்று.

அளந்தார்கள், கதிர்களைப் பாய்ச்சிப் படமெடுத்தார்கள். புதுக் கனிமம்தான் என்று உறுதியாயிற்று. உலகத்துக் கனிமங்களுக்கெல்லாம் பெயரை ஒப்புக்கொள்ள ஒரு குழு இருக்கிறது. அதற்கு விண்ணப்பம் எழுதினார்கள். கண்டவர்கள்: தம்பி, லென்ஸ், தலைவர். பெயர்: கூச்சைட். பெயர்க் காரணம் என்று தனியே ஒரு பத்தி எழுத வேண்டும்; எந்த மொழி, என்ன பொருள், ஏன் வைத்தோம் என்று. தம்பி அதை அழகாக எழுதியிருந்தான். தலைவர் அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். “கூச்சைட்டா? உலகக் குழு முன்னால நம்ம மானம் போயிடும்.” விண்ணப்பம் அவர் மேஜைக்குப் போயிற்று. அந்த மேஜைக்குப் போனவற்றின் கதிதான் தெரியுமே.

அந்த இழுபறியில்தான் தம்பி போனான். கிடங்குப் படியில், கையில் தண்டுப் பெட்டியோடு. நெஞ்சு. லென்ஸ் கீழே ஓடி வரும்போது பெட்டியை ஒழுங்காகப் படியில் வைத்துவிட்டு அதன் பக்கத்தில் சாய்ந்திருந்தானாம். பெட்டியைப் போட்டு உடைக்கவில்லை என்று அலுவலகத்தில் எல்லாரும் என்னிடம் பாராட்டிச் சொன்னார்கள்.

சில வாரம் கழித்துத் தலைவர் வீட்டுக்கு வந்தார். மாமாவும் இருந்தார். நான் நாற்காலியிலிருந்து கல்லை எடுத்தேன். தலைவர் கைக்குட்டையால் இருக்கையைத் தட்டிவிட்டு நுனியில் உட்கார்ந்தார்.

“உங்க தம்பி சாதாரண ஆள் இல்லம்மா. வைரம்.”

வைரத்தை இத்தனை வருடம் நிலவறையில் வைத்திருந்ததற்கு அவர் வருத்தம் தெரிவிப்பார் என்று பார்த்தேன். அவர் வேறு விஷயத்துக்கு வந்திருந்தார்.

“அந்தக் கல்லுக்கு உங்க தம்பி பேரையே வைக்கலாம்னு இருக்கோம்.”

மாமா எழுந்து நின்றுவிட்டார். “எங்க பையன் பேரா? உலகம் பூராவுமா?”

“உலகம் பூரா. எந்த நாட்டுப் புத்தகத்தை எடுத்தாலும் அவர் பேரு இருக்கும்.”

“கல்லு பளபளன்னு இருக்குமா சார்?”

“அது... சாம்பல் மாதிரி இருக்கும். அடக்கமான கல்.”

“எங்க குடும்பமே அடக்கம்தான்” என்றார் மாமா, தெருவுக்குக் கேட்கும்படி.

நான், “அவன் கூச்சைட்டுன்னு வச்சிருந்தானே சார்” என்றேன்.

தலைவர் சிரித்தார். இரண்டு வரிசையும் தெரிந்தது. “அது விளையாட்டும்மா. இது மரியாதை. ஒண்ணு சொல்றேன், கேளுங்க. கண்டுபிடிச்சவன் பேரு எவனுக்கும் ஞாபகம் இருக்காது. பேப்பர்ல வரும், போகும். கல்லோட பேருதான் நிக்கும். மலை இருக்கற வரைக்கும் நிக்கும்.”

பிறகு ஒரு கவரை எடுத்து நீட்டினார். குடும்பத்தின் சம்மதம் வேண்டுமாம். குழு கேட்கிறதோ இல்லையோ, பின்னால் வம்பு வரக் கூடாது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. கூடவே விண்ணப்பத்தின் புதுப் பிரதியும் இருந்தது. மாமா பேனாவைத் திறந்து என் கையில் திணித்தார். “படிச்சுட்டுப் போடறேன்” என்றேன். “இதுல படிக்க என்ன இருக்கு?” என்று மாமாவும் தலைவரும் ஒரே குரலில் கேட்டார்கள். பழக்கதோஷம் என்றேன்.

அவர் போன பிறகு உட்கார்ந்து அழுதேன். அது உண்மையான அழுகை. கேலி செய்தவர்களே இறங்கி வந்து பெயர் வைக்கிறார்கள் என்றால் யாருக்குத்தான் மனசு இளகாது. அவன் இருந்து கேட்டிருக்கலாமே என்று இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தேன். பெயர்க் காரணம் என்ற பத்தியில் என் தம்பி இருந்தான். ‘இந்நிலையத்தில் பணியாற்றி, மாதிரிகளைச் சேகரித்து உதவிய’ என்று ஆரம்பித்து அவன் பெயர், பிறந்த வருடம், இறந்த வருடம். மேலே கண்டவர்கள் என்ற இடத்தைப் பார்த்தேன். தலைவர், லென்ஸ். வேறு யாரும் இல்லை. ஒரு பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து, அச்சகத்தில் செய்வதுபோல் ஓரத்தில் சிவப்புக் குறி போட்டேன். உண்மையாகவே அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன். அவ்வளவு அப்பாவி நான்.

அடுத்த நாள் லென்ஸை அவள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். தாளைக் காட்டினேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“பிழை இல்லக்கா. அப்படித்தான் எழுதச் சொன்னார்.”

“மாதிரி சேகரிச்சவனா? கல்லையே அவன்தானே கண்டுபிடிச்சான்.”

“ஒரு விதி இருக்குக்கா. தன் பேரைத் தானே கல்லுக்கு வச்சுக்கக் கூடாது. கண்டவர்கள்னு விண்ணப்பத்துல யார் பேரு இருக்கோ, அவங்க பேரைக் கல்லுக்கு வைக்க முடியாது. அண்ணா பேரை வைக்கணும்னா அண்ணாவை அங்கேர்ந்து எடுத்தாகணும்.”

“எடுத்தா, கண்டவர் யாரு?”

“சார்.”

“அதாவது, மரியாதை செய்யறதுக்காக வெளிய தள்றாங்க.”

“ஆமாக்கா. ரொம்ப மரியாதையா.”

அந்த விதியை எழுதியவர்கள் நல்லவர்களாகத்தான் இருக்க வேண்டும். தற்பெருமையைத் தடுக்க எழுதியிருக்கிறார்கள். அதே விதியைக் கொண்டு ஒருவனைப் பூப்போல வெளியே எடுத்து வைக்கலாம் என்று கண்டுபிடித்தது நம் தலைவர். அவருடைய பணிக்காலத்தில் அவரே கண்ட ஒரே புதுப்பொருள் அதுவாகத்தான் இருக்கும்.

“நான் சம்மதிக்கலேன்னா?”

“இந்தப் பேரை விட்டுடுவாரு. வேற ஏதாவது பேரு வைப்பாரு. ஆனா அண்ணாவைத் திரும்பச் சேர்ப்பாரான்னு தெரியல. ‘ஆளே இல்ல, குழு திருத்தம் கேட்டா யாரு பதில் எழுதுவா’ன்னு இப்பவே சொல்லிக்கிட்டிருக்காரு.” அவள் பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள். “அக்கா, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. என் வேலையை நிரந்தரம் பண்றதும் அவர் கையெழுத்துதான்.”

அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவளும் சாப்பிட வேண்டும்.

ஆக, சம்மதம் கொடுத்தால் என் தம்பி ஒரு கல். கொடுக்காவிட்டால் ஒன்றுமே இல்லை. அச்சகத்தில் உட்கார்ந்து தலைவலி மாத்திரைத் தாளில் பக்க விளைவுகளைப் படித்துக்கொண்டே இதையே யோசித்தேன். மாமா தினமும் வந்து கையெழுத்து போட்டாயிற்றா என்று கேட்டார். “ஊர்ல அவனவன் தெருவுக்குப் பேரு வைக்கவே அலையறான். உனக்குக் கல்லே வீடு தேடி வந்திருக்கு” என்றார். நான் விதியைப் பற்றிச் சொன்னேன். “கண்டவன்னு போட்டா என்ன, போடாட்டி என்ன? பேரு இருக்குல்ல” என்றார். மாமா கெட்டவர் இல்லை. தம்பியின் பெயர் எங்கேயாவது உரக்கக் கேட்க வேண்டும் அவருக்கு. அவ்வளவுதான்.

தலைவர் எங்கள் வீட்டில் சொன்னதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். கண்டுபிடித்தவன் பெயர் யாருக்கும் ஞாபகம் இருக்காது, கல்லின் பெயர்தான் நிற்கும் என்றார். அதைச் சொன்னபோது அவர் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. குரலில் ஏக்கம்கூட இருந்தது. ஒரு மனிதர் தான் நம்புகிறதையே அடுத்தவர் தலையில் கட்டப் பார்க்கிறார் என்றால், அதை அவருக்கே கொடுத்தால் வேண்டாம் என்பாரா?

விடுப்பு எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனேன். நடையில் கூரைக் கண்ணாடியின் கீழ் இருந்த பெஞ்சில் காக்க வைத்தார்கள். கல்லுக்கு நேர்ந்தது எனக்கும் நேர்ந்திருக்க வேண்டும். உள்ளே போனபோது, “என்னம்மா, இப்படி வெளுத்துப் போயிருக்கீங்க” என்றார் தலைவர்.

“கையெழுத்து போட்டுட்டீங்களா?”

“இல்ல சார். என் தம்பிக்கு இவ்வளவு பெரிய மரியாதை தாங்காது.”

“என்னம்மா சொல்றீங்க?”

“நீங்க அன்னிக்குச் சொன்னீங்களே, கல்லோட பேருதான் மலை இருக்கற வரைக்கும் நிக்கும்னு. அதைக் கேட்டதுலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்ல. மாதிரி சேகரிச்சவன் பேரையா அப்படி நிக்க வைக்கறது? இந்த நிலையத்தை இத்தனை வருஷம் நடத்தினவர் பேரு இல்லையா நிக்கணும்.”

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“யாரைச் சொல்றீங்க?”

“உங்களைத்தான் சார்.”

“சேச்சே. எனக்கெல்லாம் எதுக்கும்மா.”

அவர் எழுந்து போய் ஜன்னல் திரையைச் சரி செய்தார். திரை சரியாகத்தான் இருந்தது.

“இல்லம்மா, எனக்கு எதுக்கு.”

திரும்பி வந்து உட்கார்ந்தார். கையில் கிடைத்த தாளின் மூலையில் தன் பெயரை எழுதி, அதன் வாலில் ‘ஐட்’ சேர்த்தார். அடித்துவிட்டு, கடைசி எழுத்தைக் குறைத்து மறுபடி எழுதிப் பார்த்தார். இரண்டாவது அவருக்குப் பிடித்திருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு அந்த முகம் வாடியது.

“அப்படி வச்சா, கண்டவர்கள்ல நான் இருக்க முடியாதே.”

“ஆமா சார். ஆனா அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கப்போகுது?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். தன் வார்த்தையைத் தானே மறுக்க ஒரு வழி தேடிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். ஓய்வுபெற அவருக்கு அதிக நாள் இல்லை. ஒரு பக்கம் பேப்பரில் ஒரு வரி. இன்னொரு பக்கம் மலை.

“ஜனங்க என்ன சொல்லுவாங்க? உயிரோட இருக்கறவன் பேரை...”

“உயிரோட இருக்கறவங்க பேரையும் வைக்கலாமாமே சார். அவங்க சம்மதம் இருந்தாப் போதுமாம். தம்பியோட கடைசி ஆசையே அதுதான்னு நான் எழுதித் தரேன்.”

என் தம்பி கேட்டிருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பான். தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. “அவன் என்னை அவ்வளவு மதிச்சானா?” என்று கேட்டார். அளவில்லாமல் என்றேன்.

“அப்ப கண்டவர்கள்னு யாரைப் போடறது?”

“தம்பி பேரு முதல்ல. நுண்ணோக்கி அறைப் பொண்ணு அடுத்தது. திருத்தம் வந்தா அந்தப் பொண்ணு பதில் எழுதும். அதுவரைக்கும் அது இங்க வேலையில இருக்கணும், இல்லையா சார்?”

“இருக்கணும், இருக்கணும்” என்றார், தாளின் மூலையைப் பார்த்துக்கொண்டே.

விண்ணப்பத்தை அங்கேயே திருத்தினோம். பெயர்க் காரணப் பத்தியை நான் எழுதித் தருகிறேன் என்றேன். ‘இந்நிலையத்தின் தலைவராக இருந்து, இக்கனிமத்தைக் கண்டவர்களுக்குப் பொறுமையைக் கற்றுத் தந்தவர்’ என்று எழுதினேன். அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, “பொறுமைங்கறது நல்ல வார்த்தை” என்றார். வெளியே வரும்போது ஏதோ ஞாபகம் வந்தவராக, “கூச்சைட்டுன்னு வச்சிருந்தா எல்லாரும் சிரிச்சிருப்பாங்கம்மா” என்றார். ஆமாம் சார் என்றேன். படியில் இறங்கும்போதுதான் உறைத்தது. அவன் வைத்த வார்த்தையை என் கையாலேயே அடித்துவிட்டு வந்திருந்தேன். பேரு என்ன வேணா இருக்கட்டும் என்று அவன் சொன்னான்தான். சொல்லும்போது அவன் தட்டைப் பார்த்தானா, என்னைப் பார்த்தானா என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

குழு ஒப்புக்கொண்டது. நிலையத்தில் விழா நடந்தது. தலைவர் மாலையோடு கல்லின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். படமெடுக்கிற விளக்கில் கொஞ்ச நேரத்தில் கல் வழக்கம்போல் வெளுத்துவிட்டது. அவர் கவனிக்கவில்லை. பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. உலகம் பூராவும் எழுதியிருக்கிறது. அந்தப் பெயருக்கு நேரே கனிம அகராதி தரும் விவரம் இதுதான்: மென்மையானது, எளிதில் பொடியாகும், வெளிச்சத்தில் வெளுக்கும், தொழிற்பயன் எதுவும் இல்லை. இதில் ஒரு சொல்கூட நான் சேர்த்ததில்லை.

கட்டுரை அச்சாகி வந்ததும் லென்ஸ் முதல் பக்கத்தைக் கேன்டீன் சுவரில், டீ வாங்குகிற இடத்துக்கு நேர் மேலே ஒட்டினாள். வரிசையில் நின்றவர்கள் வேறு வழியில்லாமல் படித்தார்களாம். ஒருவர் மட்டும், “நம்ம பச்சையா முதல்ல?” என்று கேட்டிருக்கிறார். யாரும் சிரிக்கவில்லை என்று அவள் சொன்னாள். இன்னொரு பிரதியை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தாள்.

மாமா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் வந்து, கல்லை எழுப்பாமலே உட்கார்ந்தார்.

“வீடு தேடி வந்த பேரை எவனுக்கோ தூக்கிக் குடுத்துட்டு வந்திருக்க. உங்கம்மா இருந்தா உன்னைச் சும்மா விட்டிருப்பாளா?”

நான் பிரதியை எடுத்து அவர் மடியில் வைத்தேன். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். தலைப்பைப் படித்தார். அதில் கல்லின் பெயராகியிருந்த தலைவர் பெயரைத் தாண்டும்போது ‘ம்க்கும்’ என்றார். அதற்குக் கீழே கண்டவர்கள் என்று இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

“இவன் பேருக்குப் பக்கத்துல என்ன, கூட்டல் குறி மாதிரி?”

“ஆள் இல்லேன்னா அப்படிப் போடுவாங்க, மாமா.”

அவர் விரலை எடுக்கவில்லை. அந்தப் பெயரை, எங்கள் அப்பா வைத்த பெயரை, எழுத்து எழுத்தாக வாய்விட்டுப் படித்தார். பிறகு, பக்கத்து வீட்டுக்கும் கேட்கட்டும் என்பதுபோல் இன்னும் உரக்க ஒருமுறை படித்தார்.